3சி சார்பில்

செவ்வாய்க்கிழமை தோறும் வந்து
எல்லாக் குழாயையும் ஐந்து நிமிடம் திறந்துவிடுகிறேன்.
முதலில் இருமல், அப்புறம் துரு, அதற்கும் அப்புறம்தான் தண்ணீர்.
மின் அட்டையில் சுழியம் எழுதிய பையன்
"வீட்ல யாரும் இல்லையா சார்?" என்றான்.
இருந்தார் என்றேன்.

அமலோற்பவம்,
சூரமங்கலம் ஜங்ஷனில் பதினெட்டு வருடம்
பக்கத்துப் பக்கத்துக் கவுண்டர்.
அதைத் தவிர நமக்குள் எந்த உறவும் இல்லை.
உயிலில் என் பெயரைப் போட்டதை
போட்ட பிறகுதான் சொன்னீர்கள்:
"உங்க பெட்டியில சில்லறை என்னைக்கும் சரியா இருக்கும், அதான்."

போன மாதம் வாக்காளர் பட்டியலோடு ஒரு டீச்சர் ஏறி வந்தார்.
பட்டியலில் உங்கள் படம்,
கண்ணாடியில் ஃபிளாஷ் விழுந்து கண் தெரியாத படம்.
படிவம் ஏழு. பெயர் நீக்கக் காரணம்.
அழகாபுரத்தில் ஒரு ஓட்டு குறைந்தது,
என் கையெழுத்தில்.

ஞாயிறு சாயங்காலம் மொட்டை மாடியில் கூட்டம்.
லிஃப்ட் போடுவதா வேண்டாமா.
வீட்டுக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.
பாக்கி உள்ளவர்களுக்கு ஓட்டு இல்லையாம்.
ஏழு மாதப் பராமரிப்பை என் பென்ஷனிலிருந்து கட்டினேன்.
ரசீது உங்கள் பெயரில் வந்தது.
பணத்தை எண்ணி உள்ளே வைத்த பிறகு
செயலாளர் செங்கோட்டுவேலு சொன்னார்:
"ஆளில்லாத வீட்டுக்கு ஓட்டு உண்டான்னு
பைலாவைப் பாக்கணுங்க."

பார்த்தார்கள்.
உயில் நகல், இறப்புச் சான்று, என் ஆதார் என்று
ஒவ்வொன்றாய்க் கைமாறிச் சுற்றி வந்தன.
"செத்தவங்களுக்கு எதுக்குங்க லிஃப்ட்?" என்றது ஒரு குரல்.
யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்.

நியாயமான கேள்விதான்.
ஆறு வருடம் மனு எழுதியது நீங்கள்.
ஏற்காடு பஸ் மாதிரி ஒவ்வொரு வளைவிலும்
நின்று நின்று ஏறியது உங்கள் முட்டி.
இப்போது பணம் ஓசூர் ஷீபாவுடையது.
போனில் கேட்டேன். "அங்கிள், ரேட் ஏறும்னா போடுங்க.
அதுக்குள்ள வித்துடலாம்னா வேணாம்."

ஐந்துக்கு ஐந்து.
துபாய்க்காரர் வரவில்லை.
எல்லோரும் என்னைப் பார்க்காத மாதிரி
மலையைப் பார்த்தார்கள்.
அங்கே ஏதோ ஒரு வண்டியின் விளக்கு
வளைவில் மறைந்து, மேலே தெரிந்து, மறுபடி மறைந்தது.

ஜூலை ராத்திரி ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை இந்தப் படியில்.
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து
உங்கள் புடவையாலேயே உங்களைக் கட்டி இறக்கினோம்.
முன்கால் ஒன்றைப் பிடித்திருந்தவர் செங்கோட்டுவேலு.
இரண்டாவது திருப்பத்தில், சுவரில் இடித்தபோது
அவர் கேட்டது என் காதில் மட்டும் விழுந்தது:
"வலிக்குதாக்கா?"
அவர் இன்று கை தூக்கியது வேண்டாம் என்பதற்கு.
தரைத்தளம். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்.
குற்றம் சொல்ல மாட்டேன்.

தூக்கினேன்.
எந்தக் கணக்கில் என்று இன்னும் எனக்கே தெரியவில்லை.
ஷீபாவின் ரேட்டுக்கா, உங்கள் மனுவுக்கா,
அந்த நாற்காலிக்கா.
"யாருன்னு எழுதட்டும்?" என்றார் மினிட் புத்தகத்தோடு.
"3சி சார்பில்னு எழுதுங்க."

அவர் எழுதி முடிக்கவில்லை,
கீழேயிருந்து ஒரு பெண்குரல்:
"டேங்க் காலி! எந்த வீட்லங்க குழாயைத் திறந்து வெச்சிருக்கீங்க?"

கூட்டத்துக்கு முன்னால் உங்கள் சமையலறையில்
துரு போகட்டும் என்று திறந்தது.
சாவியை எடுத்துக்கொண்டு ஓடும்போது சொன்னேன்,
அதையும் 3சி பேரிலேயே எழுதிக்கொள்ளச் சொல்லி.