வெற்றெடை

சிப்காட் மூன்றாம் குறுக்கு, எடைமேடை.
மேலே ஏகாம்பரத்தின் லாரி
உப்புத் தோல் சுமையோடு, ஈக்களோடு.
சீட்டில் அச்சாகி வந்தது:
மைனஸ் நானூற்று இருபது கிலோ.
"ஆகாசத்தையா ஏத்திகினு வந்தேன் நானு?"
சீட்டைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

நிரல் நான் எழுதியது.
வாலாஜாவிலிருந்து ஸ்கூட்டியில் கால் மணி நேரம்,
ஹெல்மெட்டுக்குள் தலை வெந்து வந்து உட்கார்ந்தேன்.
பிழையை ஊகிக்க எனக்குப் பிடிக்காது.
ஓடுகிற நிரலை ஓரிடத்தில் நிறுத்தி
மடியில் என்ன வைத்திருக்கிறாய் என்று
அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் ஒரு சிவப்புப் புள்ளி.
புள்ளி சிவக்கவில்லை.
சாம்பல் வளையமாய்ச் சும்மா கிடந்தது.

டீபக்கர் காத்திருந்தது. நிரலும் காத்திருந்தது.
ஒரே பெட்டிக்குள், ஒரே கரகரக்கும் விசிறிக்குக் கீழே.
நூற்றிருபத்தேழு, பூஜ்யம், பூஜ்யம், ஒன்று:
தன் வீட்டுக்குத் தானே எழுதிக்கொள்ளும் விலாசம்.
கதவு எண் ஐந்து ஆறு ஏழு எட்டு.
முப்பது நொடி.
இணைப்பு நேரம் கடந்தது.

கதவு எண்ணை மாற்றினேன். கடந்தது.
அணைத்துப் போட்டேன். கடந்தது.
விலாசத்தை எண்ணாய் எழுதாமல்
லோக்கல்ஹோஸ்ட் என்று பெயராய் எழுதினேன்,
கோபத்தில் ஒரு எழுத்தை விட்டுவிட்டு.
பிங் அடித்தால் மட்டும்
இருக்கிறேன் இருக்கிறேன் இருக்கிறேன் இருக்கிறேன்
என்று நாலு முறை பதில்.
வெளியே ஆறு லாரி. ஒரே ஹாரன் போல ஆறு ஹாரன்.

சீட்டுக் கிழிக்கும் பூங்காவனம் எட்டிப் பார்த்தாள்.
"ஒரே மிஷினுக்குள்ள யாருக்கா யாரைத் தேடுறாங்க?"
பிறகு, ஞாபகம் வந்தவளாய்:
"போன வாரம் இம்தியாஸ் சார் புதுசா ஒண்ணு போட்டுட்டுப் போனாரே."

திரையின் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில்
பச்சைக் கேடயம், நகத்தளவு.
திறந்தால் அதன் நாட்குறிப்பு:
மூன்று ஐம்பத்திரண்டு, அறியாத செயலி, தடுக்கப்பட்டது.
மூன்று ஐம்பத்து மூன்று, அறியாத செயலி, தடுக்கப்பட்டது.
நாற்பத்தொரு முறை
என்னிடமிருந்து என்னைக் காப்பாற்றியிருக்கிறது,
ஒரு வார்த்தை சொல்லாமல்.

கடவுச்சொல் இம்தியாஸிடம்.
இம்தியாஸ் பேர்ணாம்பட்டில் ஒரு கல்யாணப் பந்தியில்.
"பெரிய எழுத்து ஆர்... ஹலோ... ஆர், ராணிப்பேட்டை ஆர்...
அப்புறம் அட்... யாருப்பா அது, தால்ச்சா இங்க..."
கேடயத்தை அணைத்துவிட விரல் துடித்தது.
அணைக்கவில்லை. வெளியே நிஜமாகவே திருடர்கள் உண்டு.
ஒரே ஒரு விதிவிலக்கு எழுதினேன்:
இந்தப் பெட்டிக்குள்ளேயே பேசிக்கொள்பவர்களை விடு.

வளையம் சிவந்தது.
நிரல் இருநூற்றுப் பன்னிரண்டில் கால் வைத்து நின்றது.
மடியை அவிழ்த்தேன்.
மொத்த எடை எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.
கழிக்கவிருக்கும் வெற்றெடை ஒன்பதாயிரத்து முந்நூற்று எண்பது.
அது ஏகாம்பரத்தின் லாரியே அல்ல.
காலையில் போன பெரிய டாரஸ்.
போனவன் பாரத்தை அழிக்காமல்
வந்தவன் கணக்கில் கழித்துக்கொண்டிருந்தேன்,
எத்தனை நாளாகவோ.
மற்ற சீட்டுகள் மைனஸில் போகாததால்
யாரும் கேட்கவில்லை.

இதை ஏகாம்பரத்திடம் சொல்லவில்லை.
ஒரு வரி சேர்த்தேன். புதுச் சீட்டு வந்தது.
ரெண்டு தடவை படித்து, மடித்து,
சட்டைப் பையில் வைத்து, பையைத் தட்டிவிட்டு
பாலாற்றுப் பக்கம் தூசி கிளப்பிப் போனார்.

பழைய சீட்டுக் கட்டுகளைக் கேட்டேன்.
பூங்காவனம் அலமாரியைத் திறந்தாள்; மேல் தட்டு வரை இருந்தது.
முதல் கட்டின் ரப்பர் பேண்ட் தொட்டதும் அறுந்தது.

அதற்குள் மறுபடி ஹாரன்.
சிவப்புப் புள்ளியை எடுக்க மறந்திருந்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் உலகம் நிற்க,
அடுத்த லாரி மேடைமேல் நின்றது,
முழுச் சுமையோடு,
இன்னும் எடை இல்லாமல்.