காற்று எடுத்தல்

அலா-பெல் கணவாய் இறக்கத்தில்
பெடல் தரையைத் தொட்டது.
வண்டி நிற்கவில்லை.
முதுகுக்குப் பின்னே வாசல் அடைத்த
நாற்பத்தொரு தேன்பெட்டிகள்.
இரண்டாம் கியருக்கு இறக்கி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து
சரளை மேட்டில் மூக்கை முட்டி நிறுத்தினேன்.
சைராகான் இறங்கிப்போய்
கட்டுக்கயிறுகளைத் தொட்டுப் பார்த்தாள்.
திட்டியிருக்கலாம்.
பனிக்காலத்திலேயே சொன்னவள்.
பிரேக்குக்கு வைத்த பணத்தில்
ராணித்தேனீக்கள் வாங்கியவன் நான்.

பழைய லாரி. நாலு சக்கரத்துக்கும்
ஒரே வழியில்தான் எண்ணெய்.
ஒரு ஹோஸ் வெடித்தால்
நாலும் கையை விரிக்கும்.

கையிலிருந்தது ஆறாயிரத்து இருநூறு சோம்.
முன்சக்கரங்களுக்குப் புது லைனிங்.
பின்சக்கரங்களுக்குப் பழைய ஷூவிலேயே
பட்டை வெட்டி ரிவெட் அடித்தேன்.
டிரம்மைக் கடைசல் பிடித்தவன் கூலிக்கு
ஒரு வாளி தேன் எடுத்துக்கொண்டான்.
பிரேக் ஆயிலும் ஹோஸும் மட்டும் சீல் உடைக்காதது.
அதில் நான் கை வைக்கவில்லை.

மீதி ஆசை ஒன்று இருந்தது.
முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று
இரண்டு அறை உள்ள மாஸ்டர் சிலிண்டர்.
கோச்கோர்-அதாவில் எர்மெக்கின் உடைசல் கிடங்கில்
கவிழ்ந்து கிடந்த பிந்தைய மாடலில் இருந்தது.
அவன் என் தேனைத் தாளில் சொட்டி
ஈரம் படர்கிறதா பார்த்தான்.
நான் அவன் சிலிண்டருக்குள் விரல் விட்டு
துருக்குழி தேடினேன்.
இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை,
அதாவது, அதிகம் சொல்லவில்லை.
மூன்று வாளிக்கு முடிந்தது.

எல்லாம் ஒற்றை ஆளாய் மாட்டிவிட்டேன்.
காற்று எடுக்க மட்டும் இன்னொரு கால் வேண்டும்.
ஒன்பது நாளாய்ப் பேசாதவளை
எப்படிக் கூப்பிடுவது?
வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து
ஸ்பேனரால் டிரம்மைத் தட்டினேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு கேபின் கதவு. சீட் ஸ்பிரிங்.

"அழுத்து."
"ம்."
நிப்பிளைக் கால் சுற்று திறந்தேன்.
ஜாடியில் காப்பி நிறத்தில் கசடு,
குமிழ், குமிழ், பெருமூச்சு மாதிரி ஒரு பெரிய குமிழ்.
"விடாதே."
"விடலை."
மூடினேன்.
"விடு."
தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி
இப்படியே இருட்டும்வரை.
மூன்றாவது சக்கரத்தில்
நான் கேட்காமலே மேலிருந்து சொன்னாள்:
"கெட்டியாகுது."

மறுநாள் விடியுமுன் அதே இறக்கம்.
அழுத்தினேன். பாதியிலேயே பிடித்தது.
பெட்டிகள் முன்னால் சாய்ந்து, திரும்ப உட்கார்ந்தன.
ரீங்காரம் ஏறி இறங்கியது.
"இடப்பக்கம் இழுக்குது."
"தெரியும். தேன் விற்றதும்."
"தேன் விற்றதும் ராணி வாங்குவே."

அவள் பக்கம் பெடல் இல்லை.
ஆனாலும் வளைவுக்கு வளைவு
அவள் வலதுகால் தரையை அழுத்திக்கொண்டே வந்தது.
சமவெளி தெரிகிறவரை பார்த்தும் பார்க்காமல் ஓட்டினேன்.
'விடு' என்று சொல்வது
என் வேலைதான்.