கோட்டுப் பையில் கைகள்

தார்த்து நகரில் சாவி வெட்டுவது என் தொழில்.
சந்தைக் கட்டடம், தரைத்தளம், மூன்றாம் எண் கடை.
அசலையும் நகலையும்
முதுகோடு முதுகு சேர்த்து
ட்யூப்லைட்டுக்கு நேரே பிடிப்பேன்.
இடுக்கில் வெளிச்சம் கசிந்தால்
இன்னும் ஒரு இழை ராவ வேண்டும்.

ஷட்டரை இறக்கிய பின் காமிக்ஸ்.
செவ்வாய் இரவுதோறும் இணையத்தில் ஒரு பக்கம்.
வெள்ளம் வடியாத ஊரில் ஒரு தபால்காரன்,
கடிதங்களைக் கவ்விக் கொடுக்க ஒரு நாய்.
நூற்று நாற்பது பக்கம் ஆயிற்று.
வாசகர்கள் பதினொரு பேர்.
அதில் ஒருவர் என் பல் டாக்டர் ஹெல்வே.
ஊசி போட்டு என் வாய் மரத்த பிறகுதான்
கதையைப் பற்றிக் கேள்வி கேட்பார்.

எமயெகி ஆறு உறைந்து கிடந்த
பிப்ரவரி இரவொன்றில்
எதையோ தேடி எங்கோ தடுக்கி
மொந்தெவிதேயோவில் போய் விழுந்தேன்.
அனாயி பெந்தன்கோர் என்று ஒருத்தி.
படகுத்துறையில் சீட்டுக் கிழிப்பவளின் கதை.
ஸ்பானியம். ஒரு சொல் தெரியாது எனக்கு.

ஆனால் அந்தக் கைகள்!
சில்லறையைத் தள்ளும் கை,
தள்ளிய பிறகும் ஒரு கணம்
காசின் மேலேயே நிற்கும் விரல்,
மை ஒட்டிய நகம்,
கொட்டாவியை மறைக்கப் போய்
பாதியில் சலித்துத் திரும்பும் உள்ளங்கை.

என் தபால்காரன்
கோட்டுப் பையிலிருந்து கை எடுத்ததே இல்லை.
குளிர் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.
குளிரும் இல்லை, ஒன்றும் இல்லை.
கை வரைவது எனக்குக் கைவரவில்லை.
அதற்குத்தான் அந்த நாய்.
பதினொரு பேரும் அதை நகைச்சுவை என்று நம்புகிறார்கள்.

வயிறு எரிந்தது.
அதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்து
அளவுகோலை எடுத்தேன்.
கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே
நான் விடும் வெள்ளை மூன்று மில்லிமீட்டர்,
ஒரு தும்மலுக்குக்கூட இடம் போதாது.
அவள் சில இடங்களில் ஒரு விரற்கடை விடுகிறாள்,
அதற்குள் ஒரு முழு மதியம் நடந்து போகிறது.

முப்பத்தொன்றாம் பக்கத்தில் வலது காதில் இருந்த தோடு
முப்பத்திரண்டில் இடது காதில்.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

பிறகு ஐம்பத்தெட்டாம் பக்கம்.
கண்ணாடித் தடுப்பின் அடியில்
அவள் ஒரு குடையை நீட்டுகிறாள்.
அவன் திருப்பித் தள்ளுகிறான்.
மறுபடி நீட்டுகிறாள். மறுபடி.
பின்னால் படகு கிளம்புகிறது.
மறுநாள் யாருடைய சைக்கிள் பூட்டுக்கோ
சாவி ராவிக்கொண்டிருந்தபோதும் கண் கலங்கியது.
இப்படி ஒரு பிரிவை யார் வரைந்தார்கள்?

மொழிபெயர்க்கும் இயந்திரத்திடம் கொடுத்துப் பார்த்தேன்.
‘இது என் குடை இல்லை, என்னுடையது பச்சை.’
‘பச்சைதான் ஐயா, நனைந்ததால் கறுப்பு.’
அவ்வளவுதான் பிரிவு.

சிரித்தேன். பிறகு கோபம்.
நான் அழுத கதையை அவள் எழுதவேயில்லை,
அப்படியானால் எழுதியது யார்?

என் பக்கங்களை எடுத்து
பேச்சுக் குமிழிகளை ஒவ்வொன்றாக அழித்தேன்.
எஸ்தோனியத்தில் ஒரு எழுத்தும் அறியாத
அனாயியைப் போல உட்கார்ந்து பார்த்தேன்.
பேச்சு போனதும்
தபால்காரன் திருடன் மாதிரி இருந்தான்.
எந்த வாசலிலும் தோள் இறுகி,
இரண்டு கையும் பைக்குள் ஆழமாக,
நாயை முன்னே விட்டு.
எதையோ கொடுக்காமல் வைத்திருக்கிறான்.
நூற்று நாற்பது பக்கமாக,
எனக்குக்கூடச் சொல்லாமல்.

நூற்று நாற்பத்தொன்றில் இடது கையை வெளியே எடுத்தேன்.
நான்கு மணி நேரம்.
கட்டைவிரல் உருளைக்கிழங்கு போல இருக்கிறது.
பிடியில் ஒரு உறை, மூலை நனைந்து,
முகவரி எழுதும் இடத்தில்
வெறும் கோடுகள் கிறுக்கி விட்டிருக்கிறேன்.
நாய் அண்ணாந்து பார்க்கிறது.

செவ்வாய் இரவு பதினொன்றரைக்கு ஏற்றிவிட்டேன்.

வியாழக்கிழமை கடைவாய்ப் பல்லுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.
அந்தக் கடிதம் யாருக்கு என்று ஹெல்வே கேட்பார்.
வாய் மரத்திருக்கும்.
நல்லது.