அம்பு ஒன்றுதான்

சிம் லிம் டவரில் முந்நூற்று எண்பது வெள்ளிக்குப்
பழையது ஒன்றை வாங்கினோம்.
கடைக்காரர் மூடியைத் திறந்து துடைத்தபோதே
இவர் கண் அந்தச் சிவப்பில் விழுந்துவிட்டது.
எகரத்துக்கும் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் நடுவில்
துவரம்பருப்பு அளவில் ரப்பர்ப் பொட்டு.
உபரியாக மூன்று கொடுத்தார்,
ஒட்டுப்பொட்டு அட்டை கொடுப்பதுபோல.
எனக்கு வேண்டியது அதற்குக் கீழே இருந்தது:
உள்ளங்கை அகலத்தில்
வழுவழுத்த கறுப்புச் சதுரம்.

சுட்ட இரண்டு வழி.
அம்பு ஒன்றுதான்.

பூபாலனுக்குச் சாங்கி சரக்கு முனையத்தில் இரவு வேலை.
நான் பகலில் கொரிய நாடகங்களுக்குத்
தமிழ் வசனம் பதிக்கிறேன்,
ஈசூனில், பதினோராம் மாடி வாடகை வீட்டில்.
அவர் காலை எட்டரைக்கு வந்து
பராட்டாப் பொட்டலத்தை மேசையில் வைக்கும்போது
திரையில் யாரோ யாரையோ பிரிந்துகொண்டிருப்பார்கள்.
சாயங்காலம் எழுந்து பட்டயத் தேர்வுக்குப் படிப்பார்.
நான் அப்போது அடுப்படியில்.

அவருக்கு அம்பு பாய வேண்டும்,
இக்கரையில் தொட்டால் அக்கரையில் நிற்க வேண்டும்.
எனக்கு எறும்பு நடை போதும்.
‘போகாதே’ என்பது
உதடு திறக்கும் அதே கணத்தில் எழ வேண்டும்;
ஓர் இமைப்பு முந்தினாலும்
அழுகை பொய்யாகிவிடும்.

ஆகவே தினமும் பல் துலக்கியதும் செட்டிங்ஸ்.
வேகம்: பத்திலிருந்து மூன்றுக்கு.
இடம் வலமாகியிருக்கும், அவர் இடக்கையர்.
திருப்பிப் போடு.
தொடுபலகை செத்துக் கிடக்கும்.
தட்டச்சு செய்கையில் உள்ளங்கை உரசி
பாதி வாக்கியம் எங்கோ தாவிவிடுகிறதாம்.
உயிர் கொடு.

உண்மை வேறு என்று பிறகுதான் தெரிந்தது.
குளிரறையில் மருந்துப் பெட்டி தூக்கித் தூக்கிக்
காய்ந்த விரலைப்
பலகை விரலென்றே ஒப்புக்கொள்வதில்லை.
தேய்ப்பார், ஊதுவார், சட்டையில் துடைப்பார்,
அம்பு அசையாது.
பொட்டு அப்படியில்லை.
அழுத்தினால் போகும்,
யாரென்று கேட்காது.

சில நாள் வேகம் நாலில் நிற்கும்.
கை நடுங்கியிருக்கிறது.
அன்றைக்கு ஃபிளாஸ்கில் இஞ்சி கூடுதலாகத் தட்டிப் போடுவேன்.
கேட்டால்
“ஒண்ணுமில்லையே” என்பார்.

ஒருநாள் பட்டப்பகலில்,
அவர் உள்ளே தூங்க,
நான் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்க,
அம்பு தானாகவே வடகிழக்கே நடந்தது.
பயந்துபோய்ப் பிடித்து இழுத்தேன்.
இன்னும் போனது.
பொட்டுக்கு வரும் கோளாறு அது.
கையை எடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும்.
நாலு நொடி.
தன் நடுவைத் தானே தேடிக்கொள்ளும்.
இதைக் கற்க எனக்கு ஒரு வருடம் ஆனது.
கணினியைத்தான் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள்.
ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி.
அவர் சுட்டுவிரல் பொட்டில்,
என்னுடையது பலகையில்.
மூவறையா, நாலறையா என்று திரை கேட்டது.
அம்பு நாலறைக்குப் பாய்ந்தது.
வட்டியை நினைத்து மூவறைக்கு இழுத்தேன்.
மறுபடி அங்கே. மறுபடி இங்கே.
எந்தக் கட்டமும் இல்லாத வெள்ளையில்
நின்று துடித்தது.

“விடு.”
“நீங்க விடுங்க.”

இருவருமே விட்டோம்.
அது நிற்கவில்லை.
மெல்ல, வடகிழக்கே,
நாலறையைத் தாண்டி,
‘அடுத்து’ என்பதை உரசிக்கொண்டு,
யாருடையதும் அல்லாத விரலுக்குக் கட்டுப்பட்டதுபோல்.
எந்தப் பக்கக் கதவு திறக்கும் என்று
ரயிலில் பார்த்து நிற்பார்களே, அப்படி நின்றோம்.
பூபாலன் முதலில் சிரித்தார்.

திரையின் மூலையில் போய் முட்டிக்கொண்டது அம்பு.
“டீ போடவா?” என்றார்.
விண்ணப்பம் மூட
இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது.