ஊசிய வெண்ணெய்

பேருந்தில் என் பக்கத்து இருக்கை
எப்போதும் காலி.
மைனஸ் பதினெட்டுக் குளிரில்
சன்னலைத் திறந்தேவிட்டார் ஒருவர்.
கோபமில்லை. பியூட்டிரிக் அமிலம்
கையுறையைத் தாண்டும், முடிக்குள் குடியேறும்.
ஊசிய வெண்ணெய்க்கும்
நேற்றைய வாந்திக்கும் நடுவே ஒரு வாடை.
குவோபியோ நகரத்தில் துவோவி என்றால் தெரியாது,
அந்த வாடைக்காரி என்றால் தெரியும்.

காற்றுப் புகாத பெட்டிக்குள்
தோள்வரை கைவிட்டு
பிறர் குடலில் குடியிருப்பவற்றுக்குச்
சோறு போடுவது என் வேலை.
நாம் செரிக்காமல் தள்ளிவிடும் தவிட்டை
அவை நொதிக்கவைத்துக்
குட்டைச் சங்கிலி அமிலங்களாய்த் திருப்பித் தரும்.
குடற்சுவர் அதைத் தின்னும்,
தின்ற கையோடு ஆக்சிஜனை எரித்துத் தீர்க்கும்.
உள்ளே இருட்டும் மூச்சின்மையும் நிலைக்கும்.
காவல் அணுக்கள்
கத்தியை உறைக்குள் போட்டுக்கொள்ளும்.

மார்ச்சில் வந்தது நாற்பத்தொன்று.
பெயர் கிடையாது, எண் மட்டும்.
ஆனால் டப்பா மூடியில்
காகித ஆலையின் பச்சை நாடா.
தேதியில் ஒரு ஏழு,
குறுக்குக் கோடு மேல்நோக்கிச் சாய்ந்த ஏழு.
எட்டு வருடம் மின்கட்டண ரசீதுகளில்
நான் பார்த்த ஏழு.

வெய்யோ.

என் வயிற்றில் புளியைக் கரைத்தது.
அவன் வயிற்றில் கரைந்திருக்க வேண்டிய புளி
கரையவில்லை.

மூன்று சுற்று ஆன்டிபயாடிக்.
குடித்தனக்காரர்கள் காலிசெய்த வீட்டில்
எல்லா அறையிலும் பூஞ்சை படுத்திருந்தது.
கேண்டிடா
உருண்டையாய் இருக்கும்வரை சாது.
நுண்ணோக்கியின் கீழே
அது நூல் விட்டிருந்தது,
சுவர் துளைக்கும் நூல்.

அமிலத்தைச் சொட்டினேன்.
ஒன்றுமில்லை.
இரட்டித்துச் சொட்டினேன்.
நூல் இன்னும் ஒரு முழம் நீண்டதுபோலிருந்தது.
"புளிப்பு ஏற்றினாயா?" என்றாள் ரவுனி,
காபிக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்காமல்.
புளிக்காத நீரில் அமிலம்
வாசலிலேயே நின்றுவிடும்.
புளிப்பில்தான் பூஞ்சையின் தோல் தாண்டி உள்ளே போகும்.
பிஎச் ஐந்துக்கு இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன்.
காலையில் புதிய நூல் ஒன்றுகூட இல்லை.
அரிசிக் குருணை மாதிரி
உருண்டை உருண்டையாய், வெட்கப்பட்டுக்கொண்டு.

அன்று மாலை இரண்டு கருப்பு ரை ரொட்டி வாங்கி
அவன் தெருமுனை வரை போய்விட்டேன்.
மாடியில் விளக்கெரிந்தது.
அப்போதுதான் உறைத்தது:
நொதிக்க ஆளில்லாத குடலில்
தவிடு வெறும் வைக்கோல்,
புண்ணில் உரசும்.
சாப்பாட்டுக்கு முன்னே
சாப்பிடுகிறவர்கள் வேண்டும்.
அதோடு, எனக்கெப்படித் தெரியும் என்று கேட்டால்?

பிரியும் நாளில் சொன்னான்,
உனக்கு வயிற்றெரிச்சல், துவோவி, வேறொன்றுமில்லை.
இருக்கலாம்.
இன்று யாருக்கு எரிகிறது என்று
திருப்பிக் கேட்க மனம் வரவில்லை.
யாராவது அவன் வயிற்றில் பால் வார்க்கட்டும்.
பால்கூட வேண்டாம்,
பால் திரிந்து, வெண்ணெய் ஊசி,
அதற்கும் கீழே போய் நாறுகிறதே
அதில் நாலு சொட்டு.

திரும்பும் பேருந்தில்
ஒரு ரொட்டியை நானே பிய்த்துத் தின்றேன்.
பக்கத்து இருக்கையில் இன்னொன்று
டிக்கெட் இல்லாமல் வந்தது.
ஏரி இன்னும் உருகவில்லை.

இருபத்தேழாம் தேதி அடுத்த டப்பா.
குடலைப் பிறகு பார்ப்பேன்.
முதலில் அந்த ஏழு,
அதன் கோடு
இன்னும் மேலே பார்க்கிறதா என்று.