ஆறு கட்டம்

கடலூர் முதுநகர் தாண்டி, சிப்காட் வாடை
மூக்கில் ஏறுகிற இடத்தில் எங்கள் எடைமேடை.
இரவு ஷிப்ட் எனக்கு.
லாரி ஏறும், எண் நிற்கும், சீட்டு கிழிப்பேன்,
எழுபது ரூபாய்.
சீட்டின் மூலையில் சிவப்பாய் ஒரு வரிசை எண்,
பதினெட்டு வருஷமாக ஒன்று ஒன்றாய் ஏறி
பத்து லட்சத்தை நெருங்கிவிட்டது.

மீரான் முதலாளி ஜாங்கிரிக்குச் சொல்லிவிட்டார்.
பத்து லட்சமாவது வண்டிக்கு மாலை, ஒரு போட்டோ.
எனக்கு அந்த எண்மேல் பெரிய மரியாதை கிடையாது.
ஆறு இரண்டு, ஆறு ஐந்து, பெருக்கினால் வந்துவிடும்.
உள்ளே வேறு ஆளே இல்லை.
நான் காத்திருந்தது
அதற்குப் பதினேழு சீட்டு முன்னால் வருவதற்கு:
999983.

மூன்றால் வகுத்தேன், இரண்டு மிச்சம்.
ஏழால், ஐந்து. பதிமூன்றால், பத்து.
வண்டி வராத நேரமெல்லாம்
பழைய டிரிப் ஷீட்டின் முதுகில்
ஆயிரத்துக்குக் கீழுள்ள நூற்று அறுபத்தெட்டுப் பகா எண்களையும்
ஏற்றி இறக்கினேன்.
கடைசியாக வந்த 997
989-ஐக் கீழே போட்டுவிட்டுப் போனது.
ஒருவருக்கும் மசியவில்லை.
பின்னால் வரும் பதினாறும் எங்காவது விரிசல் விட்டவை.
999991 மட்டும் கொஞ்ச நேரம் அப்பாவிபோல் நின்று
பதினேழு, ஐம்பத்தொன்பது, 997 என்று பிளந்துகொண்டது.

இரவு இரண்டேகாலுக்கு என் எண்ணை வாங்கியவர்
பண்ருட்டிப் பலா ஏற்றிவந்த ஜம்புலிங்கம்.
"சீட்டைப் பத்திரமா வைங்கண்ணே" என்றேன்.
"ஏன், எடை தப்பா?"
மடித்துப் பல் குத்திக்கொண்டே கியர் போட்டார்.

விடியும் முன் முதலாளி மாலையோடு வந்துவிட்டார்.
ஏறியது கழிவுநீர் டேங்கர்.
போட்டோவுக்குச் சிரித்தார்கள்.
மெஷின் கரகரவென்று துப்பியது:
000000.

அதற்கு ஆறே கட்டம்.
பதினெட்டு வருஷத்தில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை,
எண்ணிக்கொண்டே இருந்த நான் உட்பட.
முதலாளி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
மாலையைக் கழற்றலாமா என்றார் டிரைவர்.
பூஜ்ஜியம் பரவாயில்லை முதலாளி,
தன்னைத் தவிர யார் வகுத்தாலும் மீதி வைக்காது
என்று சொல்ல வாயெடுத்து
ஜாங்கிரியை வைத்துக்கொண்டேன்.

"இனிமே முன்னாடி பேனாவால ஒரு ஒண்ணு போட்டுக் குடும்மா."

போட்டேன்.
000001 பகுவும் இல்லை, பகாவும் இல்லை என்று நின்றது;
என் பேனா பட்டதும்
நூற்றொன்று ஒரு பக்கம், 9901 மறுபக்கம்.
000002-க்குத்தான் பாவமாக இருந்தது.
இரட்டைப்படையில் பிறந்து
மெஷின் தயவில் ஒரு நிமிஷம் பகா எண்ணாக இருந்தது.
ஒன்றைப் போட்டு அதை உடைத்தேன்.

அடுத்தது ஐஸ் வண்டி.
பின்கதவில் தண்ணீர் சொட்டி மேடையெல்லாம் ஈரம்,
எடை பத்துக் கிலோ பத்துக் கிலோவாய் இறங்கியது.
000003.
பேனா அந்தரத்தில் நின்றது.
மூன்று, பகா எண்.
பத்து லட்சத்து மூன்று, அதுவும் பகா எண்.
ஒன்று போட்டாலும் போடாவிட்டாலும் உடையாத சீட்டு
பதினெட்டு வருஷத்தில் இதுதான் என் கைக்கு வந்தது.

ஹாரன் அடித்தான்.
"அக்கா, உருகுது."