ஆறு மாத உத்தரவாதம்

ஒரூரோ நகரின் கடைசித் தெருவில்
மரப்பெட்டிக்குள் குந்தியிருக்கிறது எஞ்சின்.
புதுப் பச்சை பெயின்ட்.
"பிரித்து, கடைந்து, பிஸ்டன் மாற்றியது.
பத்து வருஷம் ஓடும்" என்கிறான் வில்பெர்.
வாயில் பத்து வருஷம்,
காகிதத்தில் ஆறு மாதம்.

எவுலோகியா, என் மனைவி,
நகத்தால் பெயின்டைச் சுரண்டுகிறாள்.
கீழே இன்னொரு பெயின்ட், நீலம்.
அதற்கும் கீழே
யாரோ அரத்தால் ராவிய எண்.

நான் கணக்குப் போடுகிறேன்.
ஊயுனியிலிருந்து உப்பு ஏற்றி
டீசல், சுங்கம், சாப்பாடு போக மிஞ்சுவதில்
நாற்பது நடை சேர்ந்தால் இந்தப் பெட்டி.
பழையதோ ஏற்றத்தில் எண்ணெய் குடிக்கிறது.
விடிகாலைக் குளிரில்
மூன்று வசவு வாங்கித்தான் எழுகிறது.
ஆனாலும் அதன் பொய்கள் எனக்குப் பழக்கம்:
எந்த இருமலுக்கு ஓரங்கட்ட வேண்டும்,
எதற்கு
ரேடியோவைக் கூட்டி வைத்தால் போதும் என்று.

"எந்த வண்டியில் இருந்தது?"
"இகிகே துறைமுகத்தில் வந்து இறங்கியது, அக்கா."
"அதைக் கேட்கவில்லை.
அந்த வண்டி ஏன் நின்றது?"

வில்பெர் கையைத் துணியில் துடைக்கிறான்.
கை முன்பே சுத்தமாகத்தான் இருந்தது.

"சரி, ஸ்டார்ட் பண்ணு, கேட்போம்."
"பாட்டரி இல்லையே."

அடுக்குப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
எங்கள் லாரியின் பக்கவாட்டில் குனிந்துவிட்டாள்.
"பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர் எங்கே?"

என் பையில்தான் இருக்கிறது.
தேடுவதுபோல்
கொஞ்சம் நிற்கிறேன்.